நடுவர் நிற்கும் இடம்

நாம் தமிழ் படிப்பிக்கும் ஆசிரியர். விளையாட்டைப் பற்றி எழுத எமக்கு என்ன தகுதி உண்டு என்று உடற்கல்வி ஆசிரியர்கள் கேட்பார்களாயின், அக்கேள்விக்கு எம்மிடம் விடை இல்லை. எனினும், விளையாட்டுத் திடலில் நாம் செய்த ஒரு தவறும், அத்தவறு எத்தகையது என்பதை எமக்கு விளக்கிய வேறொரு விளையாட்டும், சில மாதங்களாக எம் மனத்தை விட்டு அகலாமல் இருக்கின்றன. அவற்றைச் சக ஆசிரியர்களோடும் மாணவர்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்பியே இதனை எழுதத் துணிந்தோம்.

கோப்பாயின் செம்மண் காலையில் ஒரு நிறமாகவும் மாலையில் வேறொரு நிறமாகவும் தோன்றும். அதன் புழுதி வெண்ணிறச் சட்டையில் ஒட்டினால் எளிதில் போகாது. வருடத் தொடக்கத்தில் இல்ல விளையாட்டுப் போட்டிகள் நடைபெறும் நாட்களில் ஆசிரியர் அனைவரது சட்டைகளும் அந்நிறம் பெற்றுவிடும். அத்தகைய ஒரு நாளில், பெண்பிள்ளைகளின் மென்பந்துத் துடுப்பாட்ட இறுதிப் போட்டிக்கு நடுவராக நிற்குமாறு எம்மைப் பணித்தனர். எங்கள் ஊர்களில் மென்பந்து என்றால் ரெனிஸ் பந்தினால் ஆடும் துடுப்பாட்டமே. அதன் விதிகளைச் சிறு வயது முதல் அறிவோம் என்ற நம்பிக்கையோடு, தொப்பியை அணிந்துகொண்டு திடலில் இறங்கினோம்.

ஆட்டத்தின் இறுதி ஓவர். வெற்றிக்கு இரண்டே ஓட்டங்கள் வேண்டும். துடுப்பெடுத்தாடிய மாணவி பந்தைத் தட்டிவிட்டு ஓடினாள். அவளோடு ஆடிய மறுமுனை மாணவி முதல் ஓட்டத்தை முடித்து, இரண்டாவது ஓட்டத்துக்கு எமது முனையை நோக்கி வந்தாள். விக்கெற்றுக்குப் பின்னால் எங்கே நின்றோமோ அங்கேயே நாம் நின்றுகொண்டிருந்தோம். எறியப்பட்ட பந்தைப் பிடிப்பதற்காகப் பந்துவீச்சாளர் எமக்கு முன்னால் குறுக்கே வந்தாள். விக்கெற் சரிந்த ஓசை கேட்டது. பதினொரு குரல்கள் ஒருங்கே எழுந்தன. எமது விரலும் எழுந்தது.

ஓடி வந்த பிள்ளை துடுப்பைக் கோட்டுக்கு உள்ளே ஊன்றியபடி எம்மை நிமிர்ந்து பார்த்தாள். “சேர், நான் கோட்டுக்குள்ள வந்திட்டன். நீங்கள் பாக்கேல்லை” என்றாள்.

நடுவரோடு வாதாடக் கூடாது என்று அவளைக் கடிந்துகொண்டோம். அவளது இல்லம் தோற்றது. அவள் தந்தை வெங்காயத் தோட்டங்களில் நாட்கூலிக்கு வேலை செய்பவர். எதிர் அணியின் தலைவி வகுப்பில் முதலாம் பிள்ளை, மாணவத் தலைவி, மேடையில் தெளிவாகப் பேசுபவள். அன்று மாலை வீட்டுக் கிணற்றடியில் கால் கழுவும்போது, அந்தப் பிள்ளை சொன்னது உண்மை என்பது எமக்குத் தெரிந்தது. கோட்டுக்குள் வந்துவிட்டாள் என்பது உண்மையா என்று இன்றும் எம்மால் சொல்ல முடியாது. நாம் பார்க்கவில்லை என்பது உண்மை. பார்க்காத கண்ணின் வேலையைக் காது செய்திருந்தது. கேட்ட குரல்களுள் மிக உறுதியான குரல் யாருடையதோ அவளையே நம்பினோம். அதன் பின் அந்தப் பிள்ளை விளையாடுவதற்கு வரவில்லை.

இது நிகழ்ந்து சில மாதங்களின் பின், எமது பெரியம்மாவின் மகள் கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தார். 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வோடு ஊரை விட்டுப் போனவர். பின்னர் ரொறன்ரோவில் குடியேறினார். ஊரில் இருந்த காலத்தில் அவர் எந்த விளையாட்டும் விளையாடியவர் அல்லர். விளையாட விட்டவரும் இல்லை. அங்கே அவர் மகள் சொவ்ற்போல் ஆடத் தொடங்க, மைதானத்து ஓரத்தில் காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போய், பயிற்சி பெற்றுச் சிறுமியர் போட்டிகளுக்கு நடுவராகிவிட்டார். நாம் எமது கதையைச் சொன்னதும் அக்கா சிரிக்கவில்லை. “தம்பி, நீ எங்கை நிண்டனி?” என்று மாத்திரம் கேட்டார்.

அக்கேள்வியை அதுவரை எவரும் எம்மிடம் கேட்கவில்லை. நாமும் எம்மைக் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் மாலை பாடசாலைத் திடலில் பெண்பிள்ளைகள் சிலரைக் கூட்டி அக்கா அந்த விளையாட்டைக் காட்டினார். பழைய மட்டை ஒன்றைத் தையற்காரரின் அளவுநாடாவால் அளந்து ஐந்து பக்கத் துண்டாக வெட்டினார். முன்பக்கம் 17 அங்குலம். இரு பக்கங்களும் எட்டரை அங்குலம். பின்னால் கூராகச் சேரும் இரு பக்கங்களும் 12 அங்குலம். இதுவே ‘பிளேற்’. துடுப்புக்கு எல்லேத் தடியை எடுத்துக்கொண்டோம். எல்லேயை அறிந்த எமது பிள்ளைகளுக்கு, எறிந்த பந்தைத் தடியால் அடித்துவிட்டு வட்டமாக ஓடும் ஆட்டம் புதிதாகத் தோன்றவில்லை. சொவ்ற்போல் என்று பெயர் இருந்தாலும் அதன் மெய்யான பந்து மென்மையானதன்று. சுற்றளவு 12 அங்குலம் உள்ள கடினமான பந்து. பெண்கள் ஆட்டத்தில் 43 அடி தூரத்திலிருந்து அதனைக் கீழ்க்கையால் எறிகிறார்கள். முகக்கவசமும் மார்புக்கவசமும் இன்றி நடுவர் அதன் பின்னே நிற்கலாகாது. அவை எம்மிடம் இல்லாதபடியால் ரெனிஸ் பந்தோடு நிறுத்திக்கொண்டோம்.

எறியப்படும் பந்து பிளேற்றின் மேலாக, அடிப்பவரின் அக்குளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட உயரத்தில் வருமாயின் அது ‘ஸ்ரைக்’. அவ்வெல்லைக்கு வெளியே போனதை அவர் அடிக்காமல் விட்டால் அது ‘போல்’. மூன்று ஸ்ரைக் ஆனால் அடிப்பவர் ஆட்டமிழப்பார். நான்கு போல் ஆனால் முதலாம் தளத்துக்கு நடந்து போவார். ஒவ்வொரு எறிக்கும் தீர்ப்புச் சொல்பவர் பிளேற் நடுவர். கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்துபோகும் பந்தொன்று, கண்ணுக்குப் புலப்படாத ஒரு பெட்டியின் ஊடாகப் போயிற்றா இல்லையா என்று நூறு தடவைக்கு மேல் அவர் சொல்ல வேண்டும். அவர் எங்கே நிற்பது?

நடுவர் ஆதலால் நேர் நடுவில், பந்து பிடிப்பவரின் முதுகுக்கு நேர் பின்னால் நிற்க வேண்டும் என்று நாம் எண்ணினோம். அக்கா எம்மை அங்கே நிறுத்திவிட்டு, தாழ்வான பந்துகள் சிலவற்றை எறியச் செய்தார். ஒன்றையும் காண முடியவில்லை. பிடிப்பவரின் தலை எல்லாவற்றையும் மறைத்தது. பின்பு எம்மைத் தோளில் பிடித்து ஒரு பக்கமாக நகர்த்தினார். அடிப்பவருக்கும் பிடிப்பவருக்கும் இடையே ஒரு சிறிய இடைவெளி உண்டு. பிடிப்பவரின் உள்தோளுக்கு மேலாக, எமது நாடி அவர் தலையின் உச்சி மட்டத்துக்கு வரும்படி குனிந்து நின்றபோது, மட்டைத் துண்டு முழுவதும், அதன் தூரத்து மூலை உட்பட, கண்ணுக்குத் தெரிந்தது. இடக்கைக்காரர் அடிக்க வந்தால் அந்த இடைவெளி மற்றப் பக்கத்துக்கு மாறும். நடுவரும் மாற வேண்டும். உயரமான பிடிப்பாளர் வந்தால் நிற்கும் இடத்தைச் சிறிது திருத்த வேண்டும். பந்து படும் என்று அஞ்சிப் பிடிப்பாளருக்குப் பின்னே மறைந்தால், அந்தக் கணமே பார்வை போய்விடும்.

நின்றால் மட்டும் போதாது. பந்து கையை விட்டுப் புறப்படுமுன்பே நடுவரின் உடல் அசைவற்று இருத்தல் வேண்டும். தலை பந்தோடு திரும்பலாகாது. கண் மாத்திரம் அதனைத் தொடர்ந்து பிடிப்பவரின் கையுறை வரை செல்லும். பந்து கையுறைக்குள் அடங்கிய பின், கண்டதை மனத்துள் ஒருமுறை எண்ணிப் பார்த்து, அதன் பின்பே வாய் திறக்க வேண்டும். அவசரப்பட்டுச் சொன்னவர், பந்து எங்கே போகும் என்று தாம் எதிர்பார்த்தாரோ அதனையே சொல்கிறார். “கண்டதைச் சொல்லோணும் தம்பி, நினைச்சதைச் சொல்லக் கூடாது” என்றார் அக்கா.

பந்து அடிபட்டதும் நடுவர் அங்கேயே நிற்பவர் அல்லர். முகக்கவசத்தை இடக்கையால் கழற்றிக்கொண்டு பிடிப்பாளருக்குப் பின்னிருந்து வெளியே வருவார். சைகை காட்டுவதற்கு வலக்கை வெறுமையாக இருக்க வேண்டும். பந்து ஓரக்கோட்டை ஒட்டிப் போனால், கோட்டுக்கு நேராக நின்று அது உள்ளேயா வெளியேயா என்று காண்பார். ஓடி வருபவரைப் பிளேற்றில் தொட்டு ஆட்டமிழக்கச் செய்யும் முயற்சி நிகழுமாயின், கையுறைக்கும் ஓட்டக்காரருக்கும் இடையே உள்ள வெளி தமக்குத் தெரியும் கோணத்தைத் தேடி ஓடுவார். ஆட்டத்துக்கு முன் துடுப்புகளையும் தலைக்கவசங்களையும் மைதானத்தையும் பார்வையிடுவதும், எண்ணிக்கையைத் தவறாமல் வைத்திருப்பதும், எவரேனும் காயமுற்றால் ஆட்டத்தை நிறுத்துவதும் அவர் பொறுப்பு. பிளேற்றில் மண் படிந்தால் ஆட்டத்தை நிறுத்தி, சிறு தூரிகையால் குனிந்து துடைப்பதும் அவரே. தளங்களின் அருகே நிற்கும் மற்ற நடுவர், தம் பொறுப்புக்கு உட்பட்டதில் சொன்ன தீர்ப்பைப் பிளேற் நடுவர் தாமாகத் தள்ளிவிட முடியாது. தமக்குத் தெரியாததை அவரிடம் கேட்பது இழுக்கு அன்று. கேளாமல் விடுவதே இழுக்கு.

துடுப்பாட்டத்திலும் இந்த நியாயமே உண்டு என்பதைப் பின்னர் உடற்கல்வி ஆசிரியர் எமக்கு விளக்கினார். பந்து அடிபட்டதும் பந்துவீச்சு முனை நடுவர் விக்கெற்றின் பின்னிருந்து விலகிப் பக்கத்துக்கு ஓடி, கோட்டுக்கு நேராக நின்று பார்க்க வேண்டும். பார்வை மறைந்துவிட்டால் சக நடுவரைக் கேட்கலாம். அவருக்கும் தெரியாதாயின், ஐயத்தின் பயன் துடுப்பாட்டக்காரருக்கே உரியது. இவற்றுள் ஒன்றையேனும் நாம் செய்யவில்லை. பத்து அடி நடந்திருந்தால் ஒரு பிள்ளைக்கு அநீதி செய்திருக்க மாட்டோம்.

‘நடுவர்’ என்ற எமது சொல் அழகானது. வள்ளுவர் நடுவு நிலைமைக்கென ஓர் அதிகாரத்தையே, பன்னிரண்டாவதாக, வகுத்திருக்கிறார். அதனைப் பல ஆண்டுகளாகப் படிப்பித்த நாம், நடுநிலை என்பது இரு பக்கத்தாருக்கும் சம தூரத்தில் ஒதுங்கி நிற்பது என்றே பொருள் கொண்டிருந்தோம். அந்தப் பொருள் எமக்கு வசதியாகவும் இருந்தது. மைதானத்தின் நடுவில் நின்றால் எவர் மீதும் வெறுப்பு இல்லை, எவர் மீதும் விருப்பு இல்லை, எதுவும் தெளிவாகத் தெரிவதும் இல்லை. தெரியாத இடத்தை எமது பழக்கங்கள் வந்து நிரப்புகின்றன. படித்தவரின் பிள்ளை பொய் சொல்லாது, கூலிக்காரரின் பிள்ளை அடங்கி நடக்காது என்ற எண்ணம் எமக்கு இல்லை என்று நாம் சத்தியம் செய்வோம். ஆனால் அன்று எமது விரலை உயர்த்தியது எது?

சொவ்ற்போலின் பிறப்புக்கும் இக்கேள்விக்கும் ஒரு விந்தையான தொடர்பு உண்டு. 1887 நவம்பர் மாதத்தில், அமெரிக்காவின் சிக்காகோ நகரில், ஒரு படகுக் கழகத்தின் மண்டபத்துள் அந்த ஆட்டம் தோன்றியது. குத்துச்சண்டைக் கையுறையைக் கட்டிப் பந்தாக்கி, தும்புத்தடியைத் துடுப்பாக்கி, ஜோர்ஜ் ஹான்கொக் என்பவரும் நண்பர்களும் நன்றி நவிலும் திருநாளில் விளையாடினர். அதே நகரில், அதே மாதம் 11ஆம் திகதி, எட்டு மணி நேர வேலை கேட்ட இயக்கத்தைச் சேர்ந்த பார்சன்ஸ், ஸ்பைஸ், பிஷர், எங்கெல் ஆகிய நால்வர் தூக்கிலிடப்பட்டிருந்தனர். மே தினத்தின் வரலாற்றைக் கற்றவர்கள் ஹேமார்க்கெற் வழக்கை அறிவார்கள். 1893இல் அம்மாநில ஆளுநர் ஆல்ற்கெல்ட், சிறையில் எஞ்சியிருந்த மூவரை விடுவித்தபோது, யூரிமார் நேர்மையாகத் தெரிவு செய்யப்படவில்லை, நீதிபதி பக்கச்சார்பு உடையவர் என்று எழுத்தில் அறிவித்தார். அந்த நீதிபதியும் தம்மை நடுநிலையாளர் என்றே எண்ணியிருப்பார். எமது தவறு அதனோடு ஒப்பிடத்தக்கதன்று. ஆயினும், காண வேண்டியதைக் காணாமல் முன்னமே கொண்ட எண்ணத்தைத் தீர்ப்பாகச் சொல்லும் குற்றம் மிகச் சிறிய திடல்களிலும் நிகழ்கிறது என்பதை நாம் மறத்தலாகாது.

நிற்கும் இடத்தைப் பற்றிய வழக்கு எமது நாட்டுக்கும் புதிதன்று. 1995 டிசம்பர் 26ஆம் திகதி மெல்பேண் மைதானத்தில், கண்டியில் பிறந்த தமிழரான முத்தையா முரளிதரனின் பந்துகளை நடுவர் டரல் ஹெயர் ஏழு தடவை முறையற்றவை என அறிவித்தார். அவர் நின்றது பந்து வீசும் முனையில். கையின் அசைவைப் பக்கவாட்டில் நிற்கும் நடுவரே நன்கு காண்பார் என்று பலர் வாதிட்டனர். பின்னர் ஆய்வுகூடங்களில் கருவிகளால் அளந்து பார்த்தபோது, குற்றம் அற்றவர் எனக் கருதப்பட்ட பெரும்பாலான பந்துவீச்சாளர்களின் முழங்கையும் ஓரளவு நீள்வது தெரியவந்தது. 2005இல் 15 பாகை வரை அது விதியால் அனுமதிக்கப்பட்டது. வெறுங்கண் எந்த முனையில் நின்றாலும் காண முடியாத ஒன்றின் மீது ஓர் இளைஞரின் நேர்மையே விசாரிக்கப்பட்டது என்பது பத்து ஆண்டுகளின் பின்பே உலகுக்குத் தெளிவாயிற்று. அவர் 800 விக்கெற்றுகளோடு 2010இல் ரெஸ்ற் ஆட்டங்களிலிருந்து ஓய்வு பெற்றார். எல்லோரும் அவ்வளவு காலம் தாக்குப்பிடிப்பதில்லை. எமது பாடசாலைப் பிள்ளை அடுத்த நாளே திடலை விட்டு விலகினாள்.

அந்த இடத்தில் நிற்க எவருக்கு உரிமை என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. அமெரிக்கப் பேஸ்போலின் பெரிய அணிகளுக்குக் கறுப்பின நடுவர் ஒருவர், எமெற் அஷ்போர்ட், வந்தது 1966இல். ஒரு பெண் வருவதற்கு 2025 ஓகஸ்ற் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜென் பாவொல் என்ற அப்பெண் பல்கலைக்கழகத்தில் சொவ்ற்போல் பிடிப்பாளராக ஆடியவர். முதல் ஆட்டத்தில் தளத்தருகே நின்று, மறுநாள் பிளேற்றின் பின்னே நின்றார். எமது மொழி பேசும் சென்னையிலிருந்து என். ஜனனி 2020இல் பன்னாட்டுத் துடுப்பாட்ட நடுவர் குழாமில் இடம்பெற்றார். 2023இல் இந்தியாவின் றஞ்சிக் கிண்ணத்து ஆண்கள் போட்டிகளில் நடுவராக நின்ற முதற் பெண்களுள் அவரும் ஒருவர். ஆற்றல் இல்லாமையால் இவர்கள் தாமதித்தனர் என்று எவர் சொல்வார்?

ஆசிரியரும் நாள்தோறும் தீர்ப்புச் சொல்பவரே. விடைத்தாளில், வரவுப் பதிவேட்டில், நற்சான்றுப் பத்திரத்தில் எமது விரல் உயர்ந்துகொண்டே இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஒரு காலத்தில் ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகள் வகுப்பில் வாங்கில் இருக்க விடாமல் நிலத்தில் இருத்தப்பட்டனர். 1920களின் இறுதியில் சம ஆசனத்துக்காக யாழ்ப்பாண வாலிப காங்கிரசாரும் பிறரும் போராடினார்கள். அதனை எதிர்த்தோர் பாடசாலைகளைக் கொளுத்தவும் தயங்கவில்லை. இன்று எல்லோருக்கும் கதிரை உண்டு. ஆனால் நாம் கரும்பலகையருகே நின்றுகொண்டு பார்க்கும்போது கடைசி வாங்கு தெரிகிறதா? அங்கே இருப்பவளின் கையைக் காணாமல், முன்வாங்கில் இருப்பவளின் குரலை மட்டும் கேட்டு, ‘வகுப்புக்கு விளங்கிவிட்டது’ என்று தீர்த்துவிடுகிறோம். எமது நோக்கம் நல்லதாக இருக்கலாம். நல்ல நோக்கம் உடையவர் பத்து அடி நடக்கவும் வேண்டும்.

அக்கா திரும்பிச் செல்லுமுன் நாம் அந்தப் பிள்ளையை அழைத்து, மற்றப் பிள்ளைகள் கேட்க, “அண்டைக்கு நாங்கள் பாக்கேல்லைப் பிள்ளை, பாக்காமல் தீர்ப்புச் சொன்னது பிழை” என்றோம். அவள் மகிழ்ந்ததாகத் தெரியவில்லை. “சரி சேர்” என்றாள். தோற்ற ஆட்டத்தை அது மீட்டுக் கொடுக்காது என்பது அவளுக்குத் தெரியும். ஆயினும் இரண்டு கிழமை கழித்து மாலையில் திடலுக்கு வந்தாள்.

இப்போது கிழமைக்கு ஒரு நாள் பிள்ளைகள் அந்த மட்டைப் பிளேற்றை வைத்து விளையாடுகிறார்கள்; முறைவைத்து நடுவராகவும் நிற்கிறார்கள். உறுதியான குரல் உடையவளும் பேசாதவளும் அந்த இடைவெளியில் நின்று பார்க்கப் பழகுகிறார்கள். எமக்கும் சில நாட்களில் இடம் கொடுப்பார்கள். சென்ற கிழமை பந்து பிடிப்பவராக நாம் குந்தி இருந்தோம். பின்னால் நடுவராக நின்றவள் அவளே. முதல் பந்து எறியப்படுமுன் கையை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்தினாள்.

“சேர், கொஞ்சம் குனிஞ்சு இருங்கோ. எனக்குப் பிளேற் தெரியேல்லை.”

நாம் குனிந்தோம்.